இலக்கு நடுவில் நகர்ந்தால் கை தானே திருத்திக்கொள்ளும் என்கிறார்கள், என் வீடியோவில் கொக்கி மாதிரி வளைகிறதே?

வில்லியனூர்_பிபிடி

வணக்கம். பிசியோதெரபி கடைசி வருட புராஜெக்ட். கை நீட்டி ஒரு புள்ளியைத் தொடும்போது அந்தப் புள்ளி நடுவில் இடம் மாறினால் கை எப்படித் திருத்திக்கொள்கிறது என்று அளக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமானவர்களை வைத்து ஆரம்பித்திருக்கிறேன்.

செட்டப் இது: 24 இஞ்ச் மானிட்டரை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறேன், நீளப்பக்கம் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து விலகிப் போகிற மாதிரி. முன்னால் கீபோர்டு. ஸ்பேஸ் பாரில் ஆட்காட்டி விரல். அங்கிருந்து 30 செ.மீ. தள்ளி 2 செ.மீ. அகல வட்டம் தோன்றும். விரலை எடுத்து 200 மில்லி செகண்ட் கழித்து, நாலில் ஒரு தடவை, வட்டம் வலப்பக்கமோ இடப்பக்கமோ 6 செ.மீ. தாவும். மேலே போன், சாதாரண வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம். கை போய்ச் சேர அரை நொடி ஆகிறது.

புத்தகத்தில் கை போகிற போக்கிலேயே வழி மாறும், ஆளுக்கே தெரியாது என்று இருக்கிறது. என் வீடியோவில் கை பழைய இடத்துக்கே நேராகப் போய், கிட்டத்தட்ட நின்று, பிறகுதான் புது இடத்துக்குத் திரும்புகிறது. பாதையை வரைந்தால் கொக்கி. அப்படியானால் மூளை முதலிலேயே முழுத் திட்டத்தையும் போட்டு அனுப்பிவிடுகிறதா? இல்லை, என் அளவில் கோளாறா? அடுத்து சிறுமூளைப் பாதிப்பு உள்ளவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கலாம் என்று எண்ணம். வழி சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம்_சர்க்யூட்

மூளையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கு. கை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மெதுவாகக் கிளம்பி, நடுவழியில் உச்ச வேகம் எடுத்து, மெதுவாக அடங்கும். வேகத்தை வரைந்தால் மணி வடிவம் வரும். இதற்கு 1985-ல் ஃபிளாஷும் ஹோகனும் கொடுத்த சூத்திரம் கைவசம் இருக்கட்டும். கழிந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து வருவதை ‘ந’ என்று வையுங்கள். மொத்தத் தூரத்தில் கை கடந்துவிட்ட பங்கு = 10ந³ − 15ந⁴ + 6ந⁵.

உங்கள் 30 செ.மீ., 500 மில்லி செகண்டுக்குப் போட்டுப் பாருங்கள். 200 மில்லி செகண்டில் கை 9.5 செ.மீ. தாண்டியிருக்கும். அப்போது புரோகிராம் ‘தாவு’ என்கிறது. ஆனால் கட்டளை திரையில் வெளிச்சமாக மாறுவதற்கு நேரம் பிடிக்கும். கீபோர்டு சொல்வதில் 10, 20 மில்லி செகண்ட் போகும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் அடுத்த ஃபிரேம் வரைக்கும் காத்திருப்பதில் 17 வரை போகும். மானிட்டரின் உள்வேலையில் இன்னும் கொஞ்சம். மொத்தம் 60 என்று வைத்தால் வட்டம் நிஜமாகத் தாவுவது 260-ல். கண் பார்த்து, கை திரும்ப ஆரம்பிக்க ஏறக்குறைய 150. ஆக 410. அந்த நேரத்தில் சூத்திரம் தருவது 28.7 செ.மீ. இன்னும் 1.3 செ.மீ.தான் பாக்கி. கை போய்ச் சேர்ந்த பிறகு திருத்தம் கிளம்பினால் கொக்கிதான் வரும். மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது, நீங்கள் தகவல் கொடுத்ததுதான் தாமதம்.

அதோடு, உச்ச வேகம் சராசரி வேகத்தைப் போல் 1.875 மடங்கு. உங்களுக்கு அது நொடிக்கு 112 செ.மீ. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் கை 3.7 செ.மீ. நகர்ந்துவிடும், படமும் இழுபட்டுத் தெரியும். 150 மில்லி செகண்ட் தாமதத்தை 33 மில்லி செகண்ட் படியில் எண்ணினால் நாலரைப் படி. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மானிட்டரை விட்டுவிடுங்கள். கறுப்பு மேட் பெயிண்ட் அடித்த பிளைவுட் பலகை ஒன்று, நடு இலக்குக்கும் இருபுறம் 6 செ.மீ. தள்ளியும் துளை போட்டு மூன்று 5 மி.மீ. சிவப்பு எல்இடி, ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டர், இவற்றை இயக்க ஓர் ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கட்டுப்பாட்டு போர்டு). எல்இடி மேல் 2 செ.மீ. வட்டமாக வெட்டிய டிரேசிங் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் பரவி வட்டமாகத் தெரியும். கிளம்பும் இடத்தில் லீவர் வைத்த மைக்ரோ சுவிட்ச், ஒரு கால் பின்னில், இன்னொன்று கிரவுண்டில், போர்டு உள்ளேயே இருக்கும் புல்அப் ரெசிஸ்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். 200 மில்லி செகண்ட் காத்திருப்பையும் எடுத்துவிடுங்கள். விரல் எடுத்த கணமே எல்இடி மாறும், தாமதம் ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே. ரிலே போடாதீர்கள். ‘டிக்’ சத்தமே குறிப்பாகிவிடும்.

இங்கே ஓர் இடத்தில் நிறையப் பேர் சறுக்குவார்கள். சுவிட்ச் துள்ளலுக்காக (விடுபடும்போது தொடுமுனை சில தடவை தொட்டுத் தொட்டு விடுவது) ஆர்டுயினோ உதாரண நிரலை அப்படியே எடுத்து ஒட்டினால் அதில் 50 மில்லி செகண்ட் காத்திருப்பு இருக்கிறது. எந்தத் தாமதத்தை ஒழிக்க இவ்வளவும் செய்கிறோமோ அதுவே திரும்ப வந்துவிடும். சுவிட்ச் முதல் தடவை விடுபட்டவுடனே எல்இடியை மாற்றுங்கள். அதற்குப் பிறகு வரும் துள்ளல்களை 20 மில்லி செகண்டுக்குக் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் போதும். ஒரு ஃபிரேம் 4.17 மில்லி செகண்ட். எல்இடியும் விரலும் ஒரே படத்தில் விழுவதால் தனியாக நேரம் பொருத்தும் வேலையே கிடையாது. ஃபைல் சில போன்களில் 30 ஃபிரேம் வேகத்தில் ஓடுகிற மாதிரி சேமிக்கப்படும். மென்பொருள் காட்டும் நேரத்தை அப்படியே எடுத்தால் எல்லாமே 8 மடங்காகிவிடும். ஃபிரேமை எண்ணுங்கள். சில போன்கள் நடுவில் ஃபிரேமைச் செயற்கையாகச் செருகும். சோதிக்க, ஓர் எல்இடியை 50 மில்லி செகண்ட் எரிய, 50 அணைய விட்டுப் படம் பிடியுங்கள். 12 ஃபிரேம் எரிந்து 12 அணைந்தால் போன் உண்மை பேசுகிறது. ஒன்று கூடக்குறைய வரலாம். பாதி வெளிச்சத்தில் மங்கலாக ஃபிரேம்கள் வந்தால் அந்தப் போன் வேண்டாம்.

வெளிச்சம்: சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், 240-ல் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும். சன்னல் வெளிச்சம், இல்லையென்றால் 12 வோல்ட் பேட்டரியில் எல்இடி ஸ்ட்ரிப். சீலிங் ஃபேன் நிழல் பலகையில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டிராக்கிங் மென்பொருள் விரலை விட்டுவிட்டு நிழலைப் பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தினால் வேர்வையில் ஸ்டிக்கர் உரிந்துவிடும், அதனால் நகத்தில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். அது நகராது.

கேமராவைப் பாதையின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே வையுங்கள். 1.5 மீட்டர் உயரத்தில் கேமரா, விரல் பலகையிலிருந்து 3 செ.மீ. மேலே என்றால், நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும் விரல் 3 மி.மீ. தள்ளித் தெரியும். இலக்குக்கு நேர் மேலே வைத்தால் கிளம்பும் இடத்தில் பிழை 6 மி.மீ. ஆகும்.

மஞ்சக்குப்பம்_நியூரோ

மேலே உள்ள கணக்கு சரி. 1899-ல் வுட்வொர்த் கைவீச்சை இரண்டாகப் பிரித்துச் சொன்னார்: முதலில் ஓர் உந்துதல், கடைசியில் பார்த்துப் பார்த்துத் திருத்தல். உங்கள் கொக்கி அந்தப் படம்தான். அந்தப் பிரிவு தவறில்லை, ஆனால் திருத்தம் கடைசியில்தான் வரும் என்று அதிலிருந்து முடிவு கட்டக்கூடாது.

1986-ல் குடேல், பெலிசன், பிராப்லான் மூவரும் செய்த சோதனையை நன்றாகப் படியுங்கள். கண் இலக்கை நோக்கித் தாவும் அந்தக் குறுகிய நேரத்தில் இலக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். கண் தாவும்போது அந்த இடமாற்றம் நமக்குப் புலப்படாது. ஆளுக்கு எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. கை மட்டும் புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவும், முதலிலிருந்தே இலக்கு அங்கே இருந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அதே நேரத்தில். தன் கையும் அவருக்குத் தெரியாதபடி செய்திருந்தார்கள். ஆகவே கையையும் இலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து ஒப்பிட்டுத் திருத்தினார் என்றும் சொல்ல வழியில்லை. கை எங்கே இருக்கிறது என்பது மூளைக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்கிறது.

இந்த ‘உள்ளிருந்தே’ என்பதுதான் விஷயத்தின் மையம். தசை இழுபட்டால் தண்டுவட அனிச்சை 20 முதல் 50 மில்லி செகண்டுக்குள் வரும். மோட்டார் கார்டெக்ஸ் (அசைவுக் கட்டளை அனுப்பும் மூளைப் புறணிப் பகுதி) வழியாகச் சுற்றி வரும் நீள்தாமத எதிர்வினை 50 முதல் 100-க்குள். கண் வழியே வரும் தகவல் கையைத் திருப்ப 100-க்கு மேல், பெரும்பாலும் 150 பக்கம். அரை நொடி அசைவில் 150 என்பது முப்பது சதவீதம். பழைய செய்தியை நம்பித் திருத்தினால், கை ஏற்கெனவே கடந்துவிட்ட இடத்துக்குத் திருத்தம் போடுவதாகும். அதனால் மூளை தசைகளுக்கு அனுப்பும் கட்டளையின் ஒரு நகலை எடுத்து, ‘இந்தக் கட்டளை போயிருக்கிறது, ஆகவே கை இப்போது இங்கே இருக்க வேண்டும்’ என்று முன்கூட்டியே கணிக்கிறது. பின்னால் வரும் உணர்வுத் தகவலை வைத்து அந்தக் கணிப்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டே போகிறது. 1995-ல் வோல்பர்ட், கஹ்ரமானி, ஜோர்டன் இதைக் கணித வடிவில் கொடுத்தார்கள். இந்தக் கணிப்பு வேலையில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. 2007-ல் மியால் குழுவினர், கை அசைந்துகொண்டிருக்கும்போதே சிறுமூளையின் பக்கவாட்டுப் பகுதியில் டிஎம்எஸ் காந்தத் துடிப்பு கொடுத்தார்கள். கை இலக்கைத் தவறவிட்டது. தவறிய விதத்தைக் கணக்குப் பார்த்தால், கை சுமார் 138 மில்லி செகண்டுக்கு முன் எங்கே இருந்ததோ அங்கிருந்து கிளம்புகிற மாதிரி மூளை திட்டமிட்டிருக்கிறது. கணிப்பு அறுந்தால் மிஞ்சுவது பழைய செய்திதான். இவ்வளவு துல்லியமாக இதைக் காட்டிய சோதனைகள் குறைவு.

திட்டம் எங்கே உருவாகிறது என்றால், இலக்கின் இடத்தை முதலில் கண் பார்வையை மையமாக வைத்தே மூளையின் மேல்பக்கம் பின்னால் இருக்கும் பெரைட்டல் கார்டெக்ஸ் குறித்துக்கொள்கிறது. கையின் இடத்தையும் அங்கேயே ஒப்பிட்டு, ‘கையிலிருந்து இலக்கு எந்தப் பக்கம், எவ்வளவு’ என்ற வித்தியாசத்தை எடுக்கிறது. மோட்டார் கார்டெக்ஸுக்கு முன்னால் இருக்கும் பிரீமோட்டார் பகுதியும் மோட்டார் கார்டெக்ஸும் அதைத் தோள், முழங்கை தசைக் கட்டளையாக மாற்றுகின்றன. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம்: எந்தத் திசையில் போவது என்று தீர்மானிக்கக் கண்ணைத்தான் அதிகம் நம்புகிறது, அந்தத் திசையை மூட்டுக் கட்டளையாக மாற்ற ப்ரோப்ரியோசெப்ஷனை (தசையிலும் மூட்டிலும் இருந்து வரும் நிலை உணர்வை) அதிகம் நம்புகிறது. 2003-ல் சோபரும் சேப்ஸும் காட்டியது இது. கிளம்பும் முன் கை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணுக்கு மறைத்தால் கிளம்பும் திசையே கோணலாகும். உங்கள் சோதனையில் எல்லோரும் கிளம்பும் முன் கையைப் பார்க்கிறார்களா இல்லையா என்பதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் முடிந்த பிறகுதான் திருத்தம் வருகிறது என்று இரண்டு பெட்டியாகப் பிரிக்காதீர்கள். 1999-ல் டெஸ்மர்ஜே குழு, கை கிளம்பும் நேரத்தில் பெரைட்டல் பகுதிக்கு டிஎம்எஸ் கொடுத்தது. இலக்கு நகராத முயற்சிகளில் கை சரியாகப் போனது. நகர்ந்த முயற்சிகளில் திருத்தம் குலைந்தது. திட்டமிட்ட அதே இடம்தான் திருத்துகிறது. இந்தப் பகுதி இருபக்கமும் சேதமான ஒருவரை 2000-த்தில் பிசெல்லா குழு ஆராய்ந்தது. நிலையான இலக்கை அவரால் தொட முடிந்தது, தாவும் இலக்கைப் பின்தொடர்ந்து வேகமாகத் திருத்த முடியவில்லை. ஆரோக்கியமானவர்களிடம் அதே குழு ‘இலக்கு தாவினால் கையை நிறுத்துங்கள்’ என்று சொல்லிப் பார்த்தது. வேகமான அசைவுகளில் நிறுத்த முடியாமல் கை தாவிய பக்கம் போய்விட்டது. விருப்பத்தைக் கேட்டு வருகிற திருத்தம் இல்லை இது.

உங்கள் புராஜெக்டுக்கு ஒரு நல்ல கூடுதல் பகுதி இதிலிருந்தே கிடைக்கும். ஒரு தொகுதியில் ‘தாவிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போங்கள்’ என்று சொல்லுங்கள். 2000-த்தில் டேயும் லயனும் செய்தது. முதலில் கை இலக்கு தாவிய பக்கமே கொஞ்சம் ஒதுங்கும். 125, 160 மில்லி செகண்ட் பக்கம் தெரியும் அந்த ஒதுக்கம் சொன்னதைக் கேட்பதில்லை. அதற்கு அப்புறம்தான் சொன்னபடி எதிர்ப்பக்கம் திரும்பும். தானாக வரும் திருத்தத்தையும் யோசித்துச் செய்யும் திருத்தத்தையும் ஒரே வளைகோட்டில் பிரித்துக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

கூடப்பாக்கம்_பயோமெக்

‘திட்டம்’ என்ற சொல்லையே இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மூளை ஒரு பாதையை வரைந்து வைத்துக்கொண்டு, கை விலகினால் அந்தப் பாதைக்கே இழுத்து வருகிறது என்று பல பாடங்களில் இன்னும் இருக்கிறது. அப்படி இருந்தால் நடுவில் கையை ஒரு பக்கம் தள்ளிவிட்டால் பழைய கோட்டுக்குத் திரும்ப வேண்டும். வழக்கத்தில் அப்படித் திரும்புவதில்லை, தள்ளப்பட்ட இடத்திலிருந்தே இலக்கைப் பார்த்துப் போகிறது. 2002-ல் டொடோரோவும் ஜோர்டனும் வைத்த வாதம்: மூளை வைத்திருப்பது ‘எந்த நிலையில் இருந்தால் எவ்வளவு திருத்துவது’ என்ற விதி. வேலையைக் கெடுக்காத விலகலை அது தொடுவதே இல்லை.

பலகையிலேயே பார்க்கலாம். ஒரு வட்டத்துக்குப் பதில் 20 செ.மீ. நீளக் குறுக்குப் பட்டையை இலக்காக வைத்து, ‘பட்டையில் எங்கே தொட்டாலும் சரி’ என்று சொல்லுங்கள். கிளம்பும்போது கையைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டிவிட்டால், வட்டத்துக்கு நடுவை நோக்கித் திரும்பும் கை, பட்டைக்குத் திரும்பாமல் விலகிய இடத்திலேயே தொடும். 2012-ல் நாஷெட், கிரெவெகூர், ஸ்காட் ரோபோ கைப்பிடி வைத்து இதைச் செய்தார்கள். இலக்கின் வடிவத்துக்கு ஏற்பத் திருத்தம் மாறுவதைத் தசையின் நீள்தாமத எதிர்வினையிலேயே பார்த்தார்கள், அதாவது 100 மில்லி செகண்டுக்குள். கண் சொல்லும் முன்பே வேலைக்கு ஏற்ற திருத்தம் வந்துவிட்டது. அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொள்வதில் தடை இல்லை, சராசரி அசைவுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் மூளை ‘ந’ போட்டுக் கணக்குப் பார்க்கிறது என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

வில்லியனூர்_பிபிடி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எல்இடி பலகை செய்கிறேன். இரண்டு சந்தேகம். திருத்தம் ஆரம்பிக்கும் கணத்தை வீடியோவிலிருந்து எப்படிக் குறிப்பது? கண்ணால் பார்த்தால் ஆளுக்கு ஆள் வேறு ஃபிரேம் வருகிறது. இன்னொன்று, சிறுமூளைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு முழங்கை மட்டும் மடக்கி நீட்டச் சொன்னால் ஓரளவு ஒழுங்காக வருகிறது, தோளும் முழங்கையும் சேர்ந்து போனால் இலக்கைத் தாண்டுகிறது. தாமதம்தான் காரணம் என்றால் இரண்டிலும் தாண்ட வேண்டாமா?

நெல்லிக்குப்பம்_சர்க்யூட்

முதல் கேள்விக்கு. ஒரு தனி முயற்சியில் கணத்தைக் குறிக்க முயலாதீர்கள். வலம் தாவிய முயற்சிகளின் பக்கவாட்டு வேகத்துக்குச் சராசரி எடுங்கள், நகராத முயற்சிகளின் சராசரியை அதிலிருந்து கழியுங்கள். இடப்பக்கம் தாவியவற்றுக்கும் அப்படியே தனியாக. வலக்கை வலப்பக்கம் நகர்வதும் இடப்பக்கம் நகர்வதும் ஒரே சுமை இல்லை, அதனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

விரல் புள்ளியைக் குறிப்பதில் 1 மி.மீ. பிழை இருந்தால், 240 ஃபிரேமில் முன் ஃபிரேமையும் பின் ஃபிரேமையும் வைத்து எடுக்கும் வேகத்தில் அது நொடிக்கு 17 செ.மீ. பிழையாகப் பெருகும். ஃபில்டர் போடாமல் முடியாது. பட்டர்வொர்த் என்ற ஃபில்டரை 10 ஹெர்ட்ஸில் வைத்து (அதைவிட வேகமான நடுக்கத்தை அது குறைக்கும்), முன்னும் பின்னும் இருமுறை ஓட்டுவது வழக்கம். ஆனால் அப்படி ஓட்டினால் வளைகோடு இரண்டு பக்கமும் கசியும், திருத்தம் நிஜத்தைவிட முன்கூட்டியே ஆரம்பித்த மாதிரி தெரியும். ‘80 மில்லி செகண்டில் திருத்தம்’ என்று முடிவு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபில்டரைத்தான்.

அதற்கு வழி: வேக வித்தியாசம் ஏறும் பகுதியில், அதன் உச்சத்தில் 25 சதவீதத்தைத் தொடும் புள்ளியையும் 75 சதவீதத்தைத் தொடும் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். பூஜ்யத்தை எங்கே வெட்டுகிறதோ அதுதான் ஆரம்பம். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய முதல் ஃபிரேமை எடுக்கும் முறையில், திருத்தம் மெதுவாக ஏறுகிறவருக்குத் தாமதம் அதிகம் என்று பொய்யாக வரும். நீங்கள் நோயாளிகளோடு ஒப்பிடப் போகிறீர்கள், அதனால் இது முக்கியம்.

எண்ணிக்கை: ஓர் ஆளுக்கு 240 முயற்சி, அதில் 30 வலம், 30 இடம், மீதி 180 நகராதது. 40-க்கு ஒரு ஓய்வு. வரிசை கலைந்தே வர வேண்டும். ஒரே பக்கம் அடிக்கடி தாவினால் கை அதைக் கற்றுக்கொண்டு கிளம்பும்போதே அந்தப் பக்கம் சாய ஆரம்பித்துவிடும். நேரத்துக்கும் வேலி போடுங்கள்: 400 முதல் 600 மில்லி செகண்டுக்குள் சேராத முயற்சியை ஆளிடம் ‘வேகம்’ அல்லது ‘மெதுவாக’ என்று சொல்லிவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். தாவிய முயற்சிக்கு மட்டும் மேல் எல்லையைத் தளர்த்துங்கள். இல்லையென்றால் திருத்த நேரம் எடுத்த முயற்சிகளை நீங்களே வெட்டி எறிந்ததாகிவிடும்.

விரல் எடுத்தவுடன் தாவினால் எப்படி இருக்கும் என்று ஒரு முயற்சியை ஃபிரேம் ஃபிரேமாக எதிர்பார்த்து வையுங்கள். ஃபிரேம் 0-ல் நடு எல்இடி அணைந்து வலது எரியும். ஃபிரேம் 24, அதாவது 100 மில்லி செகண்ட்: கை 1.7 செ.மீ. மட்டும் நகர்ந்திருக்கும், நேர்கோடு. ஃபிரேம் 36, 150 மில்லி செகண்ட்: சுமார் 4.9 செ.மீ., இங்கேதான் பக்கவாட்டு வேகம் முளைக்கும். ஃபிரேம் 60-ல் கை பாதி தூரம், முன்னோக்கிய உச்ச வேகம். அதற்குள் வளைவு கண்ணுக்கே தெரியும். இலக்கில் கொக்கி இருக்காது.

ரெட்டிச்சாவடி_ஓடி

இரண்டாவது கேள்வி நல்ல கவனிப்பு. தாமதம் ஒரு காரணம், இன்னொன்று மூட்டுகள் ஒன்றையொன்று இழுப்பது. தோள் வேகமாகத் திரும்பினால் முன்கை தானாக வீசப்படும். முழங்கை நீண்டால் அதன் எதிர்விளைவு தோளில் வந்து விழும். ஆரோக்கியமானவர்களுக்கு இந்த இழுப்பு வருமுன்பே அதை ஈடுகட்டும் தசை வேலை ஆரம்பித்துவிடுகிறது. முழங்கையை மட்டும் அசைக்கும்போதுகூட, அசைவு தொடங்கும் முன்பே தோள் தசையில் இஎம்ஜி (தசையின் மின் செயல்பாடு) தெரியும். இது எதிர்பார்ப்பால் வருவது, உணர்ந்த பிறகு வருவதில்லை. சிறுமூளைப் பாதிப்பில் இந்த எதிர்பார்ப்புதான் தேய்கிறது. 1996-ல் பாஸ்டியன் குழு இதையே அளந்தது. ஒரு மூட்டை நிலையாகப் பிடித்துக்கொண்டால் ஈடுகட்ட வேண்டிய இழுப்பும் குறைந்துவிடுகிறது. நோயாளிகள் தாங்களாகவே முதலில் தோள், அப்புறம் முழங்கை என்று பிரித்து அசைப்பதற்கும் இதுவே காரணம். அந்தப் பிரித்தலை ‘கெட்ட பழக்கம்’ என்று உடனே உடைக்கப் போகாதீர்கள். வேகம் குறைந்தாலும் இழுப்பு குறையும். வேகத்தைப் பாதியாக்கினால் அந்த இழுப்பு விசை நாலில் ஒன்றாகும். மெதுவாகச் செய்யச் சொல்வதற்குப் பின்னால் உள்ள கணக்கு அதுதான்.

இலக்கின் பக்கம் வரும் நடுக்கமும் இதோடு சேர்ந்தது. கணிப்பு இல்லாமல் தாமதமான தகவலை மட்டும் வைத்துத் திருத்தினால், திருத்தம் போய்ச் சேரும்போது பிழை ஏற்கெனவே மாறியிருக்கும், உடனே எதிர்த்திசையில் இன்னொன்று. இப்படி ஊசலாடும் காலம் தாமதத்தைப் போல் 2 முதல் 4 மடங்கு. 100 மில்லி செகண்ட் தாமதத்துக்கு நொடிக்கு இரண்டரை முதல் ஐந்து ஊசல். விரலால் மூக்கைத் தொடச் சொல்லும் கைமூக்குச் சோதனையில் பார்ப்பதும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான். மணிக்கட்டில் எடை கட்டுவது சிலருக்கு உதவும், சிலருக்குத் தாண்டலை அதிகமாக்கும். எல்லோருக்கும் அரைக் கிலோ என்று போடாமல், 10 முயற்சி எடையோடு, 10 முயற்சி எடையில்லாமல் அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களை இந்தப் பலகைக்கு அப்படியே கொண்டு வர முடியாது. மேல்கையைத் தூக்கும்போது முழங்கை தானாக மடங்கும் இணைப்பு பலருக்கு இருக்கும், காற்றில் நீட்டச் சொன்னால் 30 செ.மீ. எட்டாது. முன்கையைப் பலகையில் தாங்கிவிடுங்கள். வழுக்கும் துணி ஒன்று அடியில் போட்டு, டால்கம் பவுடர் தூவினால் உரசல் குறையும். தூரத்தை அவரவர் கை நீளத்தில் 60 சதவீதமாக வையுங்கள். மார்பை நாற்காலி முதுகோடு அகலமான பட்டையால் கட்டுங்கள். இல்லையென்றால் முழங்கை நீள்வதற்குப் பதில் உடம்பு முன்னால் சாயும், உங்கள் விரல் புள்ளி அதைக் காட்டாது. தோள்பட்டை எலும்பு முனையிலும் ஒரு பொட்டு வைத்தால் சாய்ந்தது தெரிந்துவிடும்.

அவர்களுக்கு அசைவே ஒரு நொடிக்கு மேல் போகும். அரை நொடி அசைவோடு ஒப்பிட்டால் ‘திருத்தம் நன்றாக இருக்கிறது’ என்று தவறாக வரும். ஒப்பிடும் ஆரோக்கியமானவர்களையும் அதே மெதுவான வேகத்தில் ஒரு தொகுதி செய்ய வையுங்கள். எந்தக் கை பாதிக்கப்பட்டதோ அதற்கு மட்டும் அல்லாமல் மற்றக் கைக்கும் எடுங்கள். அதுவும் முழுக்க இயல்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நோயாளிகளைத் தொடுமுன் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் முயற்சி எண்ணிக்கையையும் ஓய்வு நேரத்தையும் எழுத வேண்டியிருக்கும், அவர்களுக்கு 240 அதிகம். 16 வலம், 16 இடம், 64 நகராதது, 16-க்கு ஒரு ஓய்வு என்று போடுங்கள். எண்ணிக்கை குறைவதால் சராசரியில் இரைச்சல் கூடும், ஆகவே அவர்களிடம் ஆரம்பக் கணத்தைவிட, தாவிய பிறகு 300 மில்லி செகண்டில் கை எத்தனை செ.மீ. ஒதுங்கியிருக்கிறது என்பதை முதன்மை அளவாக எடுங்கள். அது குறைந்த முயற்சியிலும் நிலையாக வரும்.